அரசாங்கம் யாரோடு பேசும்?

பிரிட்டனில் வெவ்வேறு சமயத்தவரை ஒரே அறையில் உட்காரவைப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருந்தது. இன்டர் ஃபெய்த் நெட்வொர்க் என்று பெயர். 1987ல் தொடங்கியது. கிறித்தவ சபைகள், யூதர், முஸ்லிம்கள், இந்துக்கள், சீக்கியர், பௌத்தர், ஜைனர் என்று எல்லோருக்கும் அதில் இடமுண்டு. ஆண்டுதோறும் நவம்பரில் சமயங்களிடை வாரம் வரும். எங்கள் ஊர் நூலகத்தில் சுவரொட்டி ஒட்டுவோம், தேநீரும் சமோசாவும் இருக்கும், ஒருவர் வழிபாட்டிடத்துக்கு இன்னொருவர் போய் வருவார். யாருக்கும் தொந்தரவில்லாத, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அலுப்பூட்டும் அமைப்பு. 2024 பிப்ரவரியில் அதை மூடிவிடுவதென்று அதன் அறங்காவலர்கள் முடிவெடுத்தார்கள்.

ஊழலோ உட்பூசலோ காரணமில்லை. தருவதாகச் சொல்லியிருந்த 1,55,000 பவுண்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளப் போவதாக, அப்போது சமூகங்கள் துறை அமைச்சராக இருந்த மைக்கேல் கோவ் கடிதம் எழுதினார். அறங்காவலர் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் முஸ்லிம் கவுன்சில் ஆஃப் பிரிட்டனைச் சேர்ந்தவர் என்பதுதான் ஆட்சேபம். அந்தக் கவுன்சில் தடைசெய்யப்பட்டதல்ல. 500க்கு மேற்பட்ட பள்ளிவாசல்களும் பள்ளிகளும் சங்கங்களும் அதில் இணைந்திருக்கின்றன. அரசாங்கம் அதோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். அதோடு பேசுகிறவர்களோடும் இனிப் பேசாது என்பது 2024ல் சேர்ந்துகொண்ட புது விதி.

இங்கிலாந்தில் ஒவ்வொரு உள்ளாட்சிக் கவுன்சிலும் சமயக் கல்விக்கு ஓர் ஆலோசனைக் குழு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சேக்ரே என்பார்கள். எங்கள் பகுதிக் குழுவில் இந்துக்களின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய பதவியெல்லாம் இல்லை. எங்கள் கோயில் நிர்வாகசபையில் வேறு யாரும் மாலை நேரக் கூட்டங்களுக்குப் போகத் தயாராக இல்லை, அதனால் நான். ஆனால் அந்த நாற்காலியில் இருந்து பார்க்கும்போது, அரசாங்கமும் சமயங்களும் எப்படிக் கைகுலுக்குகின்றன, எப்போது கையை இழுத்துக்கொள்கின்றன என்பது ஓரளவு தெரிகிறது.

அந்த அமைப்பு மூடுகிறது என்ற செய்தி வந்து மூன்று வாரத்தில், 2024 மார்ச் 14 அன்று, கோவ் தீவிரவாதத்துக்குப் புதிய வரையறை ஒன்றை வெளியிட்டார். வன்முறை, வெறுப்பு அல்லது சகிப்பின்மையை அடிப்படையாகக் கொண்ட ஒரு சித்தாந்தத்தை வளர்ப்பது தீவிரவாதம். அதன் நோக்கம் பிறருடைய அடிப்படை உரிமைகளை அழிப்பதாகவோ, நாடாளுமன்ற ஜனநாயகத்தைக் கவிழ்ப்பதாகவோ, அப்படிச் செய்பவர்களுக்குத் தோதான சூழலை வேண்டுமென்றே உண்டாக்குவதாகவோ இருக்க வேண்டும். சாரம் இதுதான். படிக்கும்போது யாருக்கும் ஆட்சேபம் தோன்றாது. எனக்கும் முதலில் தோன்றவில்லை. அதற்கு முன் 2011ல் இருந்து புழங்கிய வரையறை, பிரிட்டனின் அடிப்படை விழுமியங்களை வெளிப்படையாக எதிர்ப்பதே தீவிரவாதம் என்றது. அதோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம் இறுக்கமானது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் இது சட்டமல்ல. இதை மீறினால் வழக்கு இல்லை, சிறை இல்லை. இந்த வரையறைக்குள் ஓர் அமைப்பு வருகிறது என்று அரசு முடிவு செய்தால், அமைச்சர்களும் அதிகாரிகளும் அவர்களைச் சந்திக்க மாட்டார்கள், பணம் தர மாட்டார்கள். அதுதான் முழு விளைவு. அதாவது, கல்யாணப் பத்திரிகை யாருக்கு வைப்பது என்ற பட்டியல். பத்திரிகை வராதவன் கோர்ட்டுக்குப் போக முடியாது, ஊர் மட்டும் பேசும். வரையறையை வெளியிட்ட அன்றே கோவ் நாடாளுமன்றத்தில் ஐந்து பெயர்களைச் சொன்னார். இரண்டு வெள்ளையினத் தீவிர வலதுசாரிக் குழுக்கள், மூன்று முஸ்லிம் அமைப்புகள். இவற்றைப் பரிசீலிக்கப் போகிறோம் என்றார், முடிவு செய்துவிட்டோம் என்று சொல்லவில்லை. நாடாளுமன்றத்துக்குள் சொன்னதால் அவதூறு வழக்கும் போட முடியாது. வரையறை வருவதற்கு முன்பே கேன்டர்பரி, யார்க் பேராயர்கள் இருவரும் சேர்ந்து, இது முஸ்லிம்களைத்தான் அதிகம் குறிவைக்கும் என்று எச்சரித்திருந்தார்கள்.

ஏன் சட்டமாக்கவில்லை என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. 2015லும் 2016லும், அரசு தன் சட்டத் திட்டங்களை அறிவிக்கும் அரசியின் உரையில் தீவிரவாத எதிர்ப்பு மசோதா ஒன்று அறிவிக்கப்பட்டது. இரண்டு முறையும் மசோதா வந்து சேரவில்லை. நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் கூட்டுக்குழு 2016 ஜூலையில் விசாரித்துவிட்டு, எதைத் தடுக்கப் போகிறோம் என்பதற்கே தெளிவான வரையறை அரசிடம் இல்லை என்று எழுதியது. வன்முறையைத் தூண்டுவதற்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. இனவெறுப்பைக் கிளப்புவதற்கும் இருக்கிறது. மிச்சம் இருப்பது, சட்டத்துக்கு உட்பட்டுப் பேசுகிற, ஆனால் நமக்குப் பிடிக்காத பேச்சு. அதைக் குற்றமாக்கும் வாக்கியம் ஒன்றை நீதிமன்றத்தில் நிற்கும்படி எழுதுவது கஷ்டம். சட்டமாக எழுத முடியாததை அழைப்பிதழ் பட்டியலாக எழுதிக்கொண்டார்கள் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அரசு பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2005 ஜூலை 7 அன்று லண்டன் ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். வெடிக்கவைத்தவர்கள் இங்கேயே வளர்ந்த பையன்கள். அதன் பிறகு எந்த அரசும் சமூகங்களோடு பேசாமல் இருக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கண்டவருக்குப் பணம் கொடுக்கவும் முடியாது. முஸ்லிம் கவுன்சிலும் அப்பழுக்கற்றது இல்லை. யூதப் பேரழிப்பு நினைவு நாளை அது 2007 வரை புறக்கணித்தது, அதில் எனக்கு எந்த அனுதாபமும் இல்லை. 2006ல் அமைச்சர் ரூத் கெல்லி, தீவிரவாதத்தை எதிர்ப்பதில் முன்னால் நிற்பவர்களுக்குத்தான் இனி ஆதரவு என்று சொன்னபோது, அதில் கேட்கத் தக்க ஒரு விஷயம் இருந்தது.

அடுத்து நடந்ததுதான் பிசகு. 2007ல், இளைஞர்கள் பயங்கரவாதத்தின் பக்கம் போகாமல் முன்கூட்டியே தடுப்பதற்கான ப்ரிவென்ட் என்ற அரசுத் திட்டத்தின் முதல் தவணையாக 60 லட்சம் பவுண்டு சுமார் 70 கவுன்சில்களுக்குப் போனது. எங்கே ஆபத்து அதிகம் என்று பார்த்து ஒதுக்கவில்லை, எங்கே முஸ்லிம்கள் அதிகம் என்று பார்த்து ஒதுக்கினார்கள். பெண்களுக்கு ஆங்கில வகுப்பு, பையன்களுக்குக் கால்பந்து எல்லாம் பயங்கரவாதத் தடுப்புக் கணக்கில் எழுதப்பட்டன. கால்பந்து ஆட வந்த பையனுக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பான்? பக்கத்துத் தெருவில் இருக்கும் ஏழைச் சீக்கியனும் இந்துவும், அவனுக்கு மட்டும் ஏன் பணம் என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் கோபம். 2010ல் நாடாளுமன்றக் குழு ஒன்று, முஸ்லிம்களை மட்டுமே குறிவைத்த இந்தப் போக்கு பயன் தரவில்லை என்று அறிக்கை கொடுத்தது.

அதே ஆண்டு பர்மிங்ஹாமில் நடந்ததை எங்கள் கூட்டங்களில் இன்றும் யாராவது எடுத்துப் பேசுவார்கள். ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் என்று முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் இரண்டு பகுதிகள். அங்கே தெருத்தெருவாகக் கேமரா வந்தது. மொத்தம் 218, அவற்றில் 72 கண்ணில் படாதபடி மறைத்து வைக்கப்பட்டவை. பெரும்பாலானவை கார் எண்ணைப் படிப்பவை. அந்தப் பகுதிக்குள் யார் நுழைந்தாலும் வெளியேறினாலும் பதிவாகும். திருட்டு, போதைப்பொருள், சமூகப் பாதுகாப்பு என்று உள்ளூர் கவுன்சிலர்களிடம் சொன்னார்கள். கிட்டத்தட்ட 30 லட்சம் பவுண்டும் வந்தது போலீசின் பயங்கரவாத எதிர்ப்பு நிதியிலிருந்து. உள்ளூர்வாசிகள் கேள்வி கேட்கக் கேட்க உண்மை வெளியே வந்தது. முதலில் கேமராக்களுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டினார்கள், 2011ல் கழற்றியே எடுத்தார்கள். தேம்ஸ் வேலி போலீஸ் தலைவராக இருந்த சாரா தார்ன்டன் விசாரித்து, இது நம்பிக்கையைக் குலைத்த வேலை என்று எழுதினார். போலீசே போலீசைப் பற்றி அப்படி எழுதியது அபூர்வம்.

ஒரு கையால் கேமரா மாட்டிக்கொண்டே மறு கையால் தேநீருக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? கூப்பிட்டால் வருகிறவர்கள் வருவார்கள். அவர்களை வைத்து அரசு படம் எடுத்துக்கொள்ளும்.

2009 மார்ச்சில் முஸ்லிம் கவுன்சிலின் துணைச் செயலாளர் தாவூத் அப்துல்லா, காஸா பற்றி இஸ்தான்புல்லில் வெளியான ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டிருந்தார். பிரிட்டிஷ் கடற்படை மீதும் தாக்குதலுக்கு அழைப்பு விடுப்பதாக அதைப் படிக்கலாம் என்று அரசு சொன்னது. அவர் மறுத்தார். அவர் விலக வேண்டும் என்று அமைச்சர் ஹேசல் பிளியர்ஸ் கேட்க, கவுன்சில் மறுக்க, உறவு முறிந்தது. 2010 ஜனவரியில் மறுபடி பேசினார்கள். சில மாதங்களில் ஆட்சி மாறியது, பேச்சு நின்றது. அப்புறம் வந்த அரசுகள் எல்லாம் அதையே தொடர்ந்தன. ஒரு மனிதர் ஒரு காகிதத்தில் போட்ட கையெழுத்தில் தொடங்கிய சச்சரவு, பதினைந்து ஆண்டு கழித்து ஒரு சமயங்களிடை அமைப்பையே மூடும் அளவுக்கு வந்து நின்றது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் லண்டனிலேயே இருக்கிறது. வடக்கு லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் பள்ளிவாசல். 1990களின் கடைசியில் அபு ஹம்சா என்ற தீவிரவாதப் பிரசங்கி அதைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். சப்பாத்தில் குண்டு வைத்து விமானம் ஏறிய ரிச்சர்ட் ரீட் அங்கே தொழுதவர். 2003 ஜனவரியில் போலீஸ் உள்ளே புகுந்து சோதனை போட்டது, பள்ளிவாசல் மூடப்பட்டது. அபு ஹம்சா என்ன செய்தார் தெரியுமா? வெள்ளிக்கிழமைதோறும் வாசலில், தெருவிலேயே பிரசங்கம். சுற்றிலும் போலீஸ் காவல். கதவு மறுபடி திறந்தபோது அவருடைய ஆட்களும் மெல்லத் திரும்பி வந்தார்கள். போலீசால் கட்டடத்தைப் பூட்ட முடிந்தது, சபையை மாற்ற முடியவில்லை.

மாற்றியது அந்தப் பகுதி முஸ்லிம்கள். 2005 பிப்ரவரியில் புதிய அறங்காவலர்கள் வந்தார்கள். முஸ்லிம் அசோசியேஷன் ஆஃப் பிரிட்டனோடு தொடர்புள்ளவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். மதமும் அரசியலும் கலந்து பேசுகிற, பாலஸ்தீனத்துக்காக ஊர்வலம் போகிற, இஸ்லாமியவாதிகள் என்று பத்திரிகைகள் சாதாரணமாக எழுதுகிற ஆட்கள். அபு ஹம்சாவின் பையன்கள் திரும்பப் பிடிக்க வந்தபோது இவர்கள்தான் வாசலில் நின்று தடுத்தார்கள். பின்னால் போலீசின் முஸ்லிம் தொடர்புப் பிரிவு ஒத்துழைத்தது. அந்த முரட்டுப் பையன்களிடம் எடுபடும் மொழி தெரிந்தவர்கள் இவர்கள். அமைச்சரோடு படம் எடுத்துக்கொண்ட மிதவாதப் பெரியவர் ஒருவரை அங்கே அனுப்பியிருந்தால் அரை மணி நேரம் தாங்கியிருக்க மாட்டார்.

ஒரு கசப்பும் இதில் உண்டு. அந்தப் போலீஸ் பிரிவை நடத்திய ராபர்ட் லாம்பர்ட், நம்பிக்கையை வைத்துக் காவல் செய்வது பற்றிப் பிற்பாடு நிறைய எழுதினார். 2011ல் அவருடைய பழைய வாழ்க்கை வெளியே வந்தது. 1980களில் பொய்ப் பெயரில் ஆர்வலர் குழுக்களுக்குள் ஊடுருவி, ஒரு பெண்ணோடு வாழ்ந்து குழந்தையும் பெற்றுவிட்டு மறைந்த உளவுப் போலீஸ் அவர். நம்பிக்கை என்று அரசு சொல்லும்போது சமூகங்கள் ஏன் புருவம் உயர்த்துகின்றன என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு.

இன்று அந்தப் பள்ளிவாசல் அமைதியாக இருக்கிறது. அதைச் சரிசெய்தவர்களின் அமைப்புதான் 2024ல் கோவ் வாசித்த ஐந்து பெயர்களில் ஒன்று.

இதெல்லாம் முஸ்லிம்கள் கதை, நமக்கென்ன என்று எங்கள் கோயிலில் சிலர் கேட்பார்கள். தலைவர் கேட்க மாட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர். “எங்களையும் ஒரு காலத்தில உப்பிடித்தான் பார்த்தவங்கள், தம்பி” என்றார் ஒருநாள். 2001ல் பிரிட்டன் விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. அதன் பிறகு லண்டன் தமிழ்க் கோயில்களின் உண்டியல் மீது சந்தேகப் பார்வை விழுந்தது. டூட்டிங்கில் முத்துமாரியம்மன் கோயிலை நடத்திய சிவயோகம் அறக்கட்டளையை அறக்கட்டளை ஆணையம் விசாரித்து, ஓர் அறங்காவலரை நீக்கவும் செய்தது. அவர் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2009ல் அந்த நீக்கம் ரத்தானது. ஆணையம் சட்டப்படி நீக்கியதால்தான் அவருக்குப் போய் முறையிட ஓர் இடம் இருந்தது. வெறுமனே இனி உங்களோடு பேச மாட்டோம் என்று விட்டிருந்தால் எங்கே போயிருப்பார்?

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஓர் அரசுப் பள்ளிக் கட்டடத்தில் வாடகைக்கு நடக்கிறது. ஆசிரியர்கள் எல்லோரும் ப்ரிவென்ட் பயிற்சி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 2015 ஜூலையில் இருந்து பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கவுன்சில்களுக்கும் அது சட்டக் கடமை. அந்தக் காற்று எங்கள் பக்கமும் அடித்தது. கணினி முன் உட்கார்ந்து செய்கிற பயிற்சி. கவனி, சரிபார், பகிர் என்பது அதன் மந்திரம். ஒரு பிள்ளையின் நடத்தையில் மாற்றம் தெரிகிறதா, கவனி. பொறுப்பான ஒருவரிடம் கேட்டுச் சரிபார். கவலை இருந்தால் அதிகாரிகளோடு பகிர். அவசரப்படாதே என்றும் சொல்கிறார்கள். பயிற்சி அவ்வளவு மோசமில்லை.

நவம்பர் வந்தது. பதினான்கு வயதுப் பையன் ஒருவன், மாவீரர் நாளுக்குப் போனதாக வகுப்பில் எழுதியிருந்தான். பெரியப்பாவின் படத்துக்கு விளக்கேற்றினானாம். அப்பாவின் பழைய டி-சட்டையில் புலிப் படம் இருந்ததாம். புதிதாகச் சேர்ந்த ஆசிரியை அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து, “அண்ணா, இதைச் சொல்லணுமா?” என்று கேட்டார். சட்டப்படி பார்த்தால் தடைசெய்த இயக்கத்தை ஆதரிப்பதாகத் தோன்றும் பொருளைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம். பையன் பக்கம் பார்த்தால், செத்துப்போன பெரியப்பா. அவனிடம் பேசினேன். எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். வேறெதுவும் செய்யவில்லை. செய்யத் தேவை இருந்ததாக இன்றும் நினைக்கவில்லை. அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும் என்பதால்தான் அது சுலபமாக இருந்தது. தமிழே தெரியாத ஓர் ஆசிரியர் கையில் அந்தத் தாள் கிடைத்திருந்தால்? பகிர்வதுதான் அவருக்குப் பத்திரமான வழி. 2025 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் ப்ரிவென்ட்டுக்கு வந்த பெயர்கள் 8,778. அதுவரை இல்லாத உச்சம். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் சித்தாந்தம் எதையும் அடையாளம் காண முடியவில்லை.

2025 ஜனவரியில் உள்துறையின் உள் ஆய்வு ஒன்று கசிந்தது. சித்தாந்தத்தை விட்டுவிட்டு நடத்தைகளைப் பார்க்க வேண்டும் என்று சொன்ன அந்த ஆய்வு, கவலைக்குரிய வகைகளை வரிசைப்படுத்தியிருந்தது. இஸ்லாமியவாதம், தீவிர வலதுசாரியம், பெண்வெறுப்பு, காலிஸ்தான், அவற்றோடு இந்து தேசியவாதத் தீவிரவாதமும். 2022ல் லெஸ்டரில் இந்து, முஸ்லிம் இளைஞர்கள் தெருவில் மோதிக்கொண்டதன் எதிரொலி. பரிந்துரைகளை அமைச்சர்கள் ஏற்கவில்லை என்று உடனே அறிவிப்பு வந்தது. அதற்குள் எங்கள் வாட்ஸப் குழு கொதித்துவிட்டது. நம்மைக் கேட்காமல் எப்படி எழுதலாம், யார் கொடுத்த தகவல், மறுப்பு எங்கே அனுப்புவது? முந்தின வருடம் கோவின் பட்டியலுக்குக் கட்டைவிரல் உயர்த்திய அதே கைபேசிகளில் இருந்துதான் இந்தக் கேள்விகள் வந்தன. நான் சிரித்துக்கொண்டேன், பதில் போடவில்லை. கோயில் குழுவில் வாயை மூடிக்கொள்வதும் ஒரு கலை.

இதையெல்லாம் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது, பேசுவது, பணம் தருவது, மரியாதை செய்வது என்ற மூன்றையும் அரசு ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது என்பதுதான். மூன்றும் வேறு வேறு. வரிப்பணத்தை யாருக்குத் தருவது என்பதில் அரசு எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். விருது கொடுப்பதிலும் அப்படியே. பேசுவதற்கு எதற்கு அந்த அளவுகோல்? வட அயர்லாந்தில் குண்டு வைத்தவர்களோடு ரகசியமாகப் பேசிய நாடு இது. தொழுகைக்குப் பத்துப் பேரைச் சேர்க்க முடிகிற ஓர் ஆளோடு பேசினால் அவருடைய கருத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. பேச மறுத்தால் அவர் காணாமலும் போய்விட மாட்டார்.

2024 ஜூலை 29 அன்று சவுத்போர்ட்டில் நடன வகுப்பில் இருந்த மூன்று சிறுமிகளை ஒருவன் குத்திக் கொன்றான். பள்ளிக்காலத்தில் மூன்று முறை ப்ரிவென்ட்டுக்கு அனுப்பப்பட்டவன் அவன். தெளிவான சித்தாந்தம் இல்லை என்று மூன்று முறையும் கோப்பை மூடியிருந்தார்கள். அவன் முஸ்லிம், படகில் வந்த அகதி என்று பொய்யான செய்தி பரவியது. மறுநாள் மாலை ஒரு கும்பல் அந்த ஊர்ப் பள்ளிவாசலின் மீது செங்கல் எறிந்தது. ஒரு வாரம் பல ஊர்களில் கலவரம். புதிய லேபர் அரசு பள்ளிவாசல்களுக்கு அவசரப் பாதுகாப்பு தருவதாக அறிவித்தது, நல்ல விஷயம்தான். ஆனால் நாட்டிலேயே அதிகப் பள்ளிவாசல்களின் தொலைபேசி எண்களை வைத்திருந்த முஸ்லிம் கவுன்சிலோடு அப்போதும் அமைச்சர்கள் பேசவில்லை. பழைய அரசின் பேசாமையை இவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் சேக்ரே குழுவில் முஸ்லிம்களின் நாற்காலியில் இருப்பவரின் பள்ளிவாசலும் அந்தக் கவுன்சிலில் உறுப்பினர். இதுவரை யாரும் அவரை எழுப்பிவிடவில்லை. எழுப்ப வேண்டும் என்று நாளைக்கு ஒரு கடிதம் வந்தால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள், எந்த வாக்கியம், எந்தச் செயல் என்று காட்டுங்கள், அவர் பதில் சொல்ல ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்பதாக இருக்கிறேன். டூட்டிங் அறங்காவலருக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.